செவ்வாயில் காற்று எங்கிருந்து வரும்? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

பூமியைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை, ஆனாலும் இருநூறு வருடத்தில் சூடாக்கிவிட்டோம். திட்டம் போட்டுச் செய்தால் செவ்வாயை இன்னும் சீக்கிரம் சூடாக்க முடியாதா? துருவப் பனியை ஆவியாக்கினால் காற்று, அப்புறம் தண்ணீர், அப்புறம் செடிகள். என் மகளின் பேத்தி அங்கே கவச உடை இல்லாமல் வெளியே நடப்பாள் என்று நம்புகிறேன். நீங்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சூடாக்குவது பற்றி நீங்கள் சொல்வது சரி. செவ்வாய் மண்ணில் இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் மிக நுண்ணிய துகள்களாக்கி வானில் தூவிக்கொண்டே இருந்தால் 30 டிகிரிக்கு மேல் வெப்பத்தை ஏற்றலாம் என்று 2024இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. எனக்கு உதைப்பது காற்றுதான்.

பூமியில் காற்று ஏற்கெனவே இருந்தது. அதில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420க்கு மேலே கொண்டுபோனோம், நாம் செய்தது அவ்வளவுதான். செவ்வாயில் காற்றையே உண்டாக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கு மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது, அங்கே 160 கிலோ சொச்சம். ஈர்ப்பு விசை நம்மைவிடக் குறைவு, 38 சதவீதம்தான், அதனால் நமக்குப் பழகிய அழுத்தம் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 27 டன் காற்றைக் குவிக்க வேண்டும்.

துருவப் பனியில் உறைந்திருக்கும் கரியமில வாயு முழுவதையும் ஆவியாக்கினால் கிடைப்பது பூமியின் அழுத்தத்தில் 1.2 சதவீதம். மண்ணிலும் பாறையிலும் எட்டுகிற கரியமில வாயுவை எல்லாம் கறந்தாலும் 7 சதவீதத்தைத் தொடாது என்று 2018இல் ப்ரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதிலும் மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி அந்தக் கரியமில வாயுவிலிருந்தே ஆக்சிஜன் பிரித்தது, அருமையான வேலை, ஆனால் 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி அது எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம்கூட வராது.

இன்னொன்று, செவ்வாய் உயிரற்றது என்று நாம் இன்னும் உறுதி செய்யவில்லை. நிலத்தடியில் ஏதாவது நுண்ணுயிர் இருக்கிறதா என்று ஆழத் தோண்டிப் பார்க்கும் முன் கோளையே மாற்றத் தொடங்குவது தவறு என்றே நினைக்கிறேன்.

அதனால் உங்கள் மகளின் பேத்தி அங்கே நடந்தால் அது ஒரு கூரைக்கு உள்ளேதான் இருக்கும், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்கும் நாம் இன்னும் தயாராகவில்லை. 1991இல் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருடம் வாழப் போனார்கள், 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 14 பக்கம் இறங்கி, கடைசியில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன, செடிகள் அதை ஆக்சிஜனாகத் திருப்புவதற்குள் சுவரின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. உங்கள் மகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் ராக்கெட்டோடு மண்ணைப் பற்றியும் படிக்கச் சொல்லுங்கள்.