14ஆம் நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது

கேள்வி: எனக்கு 29 வயது, திருமணமாகி 14 மாதம். கடைசி ஆறு மாதவிலக்கும் 33, 31, 35, 36, 32, 34 நாளுக்கு ஒருமுறை என்று வந்தன. கணவருக்கு ஓசூரில் வேலை, சனி இரவு வந்து திங்கள் விடியற்காலை போய்விடுவார். செல்போன் செயலி 14ஆம் நாள் என்கிறது. 21ஆம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து முட்டையே வரவில்லை என்று மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எந்த நாளில் சேர்ந்தால் குழந்தை தங்கும்?

பதில்: முதலில், எந்த நாளை ஒன்று என்று எண்ணுகிறீர்கள்? ‘கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்’ என்று கேட்டுக் கேட்டே நாங்கள் பாதிப் பேரைக் குழப்பி வைத்திருக்கிறோம். தலைக்கு ஊற்றிய மூன்றாம் நாளையோ ஐந்தாம் நாளையோ முதல் நாளாக எழுதி வருகிறார்கள். லேசாகக் கறை தெரிவதை விடுங்கள், நன்றாகப் படத் தொடங்குகிற அன்றுதான் முதல் நாள்.

சரி, அந்த 14. அது பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. முட்டை வெடித்ததிலிருந்து அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள், ஓரிரண்டு முன்பின்னாக இருக்கும். விலக்கு தள்ளிப்போவதெல்லாம் பெரும்பாலும் முட்டை வெடிப்பதற்கு முன்னால் உள்ள பாதியில்தான். உங்களுக்கு 31 நாள் மாதமென்றால் 17ஆம் நாள் வாக்கில், 36 நாள் மாதமென்றால் 22ஆம் நாள் வாக்கில் முட்டை வந்திருக்கும். 28 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 14 என்று காட்டும் செயலிக்கு உங்கள் உடம்பு எப்படித் தெரியும்?

முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை, ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும், அதனால் முட்டை வருவதற்கு முன்பே சேர்ந்திருப்பதுதான் முக்கியம். மிகக் குறைந்த மாதத்தில் 18ஐக் கழியுங்கள், மிக நீண்ட மாதத்தில் 11ஐ. உங்களுக்கு அது 31-18, 36-11, அதாவது 13ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை சேர வேண்டிய நாள்கள். அத்தனை நாளுமா என்று பயப்பட வேண்டாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். இந்த 13 நாளுக்குள் எப்படியும் ஒரு ஞாயிறாவது வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு. இடையில், முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுவென்று, விரலில் தொட்டு இழுத்தால் நூலாக நீளும் வெள்ளைப்படுதல் தெரிந்தால் அதுதான் நல்ல நேரம், அன்றைக்குக் கணவரை லீவு போட்டு வரச் சொல்லுங்கள். (இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, குழந்தை வேண்டாம் என்பவர்கள் நம்பி இருக்காதீர்கள்.)

இப்போது அந்த ரத்தப் பரிசோதனை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். முட்டை வெடித்த பிறகு கூடும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பார்க்க வேண்டியது முட்டை வெடித்து ஏழு நாள் கழித்து, அதாவது அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்னால். 28 நாள்காரர்களுக்கு அது 21ஆம் நாள். 35 நாள்காரருக்கு 28ஆம் நாள். உங்களுக்கோ 24 முதல் 29க்குள் எங்கேயோ. உங்களை 21ஆம் நாள் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால் அன்று முட்டை வெடித்து ஒரு நாள் ஆகியிருக்கலாம், வெடிக்காமலே இருந்திருக்கலாம், அளவு குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து ‘முட்டை வரவில்லை’ என்று சொல்வது, ஏழு மணிக்கு வரும் பஸ்ஸை ஆறு மணிக்குத் தேடிவிட்டுப் பஸ்ஸே கிடையாது என்பதுபோல. 24ஆம் நாள் எடுங்கள், குறைவாக இருந்து விலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ஆனால் புற நோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் ஊரில் ‘உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்’ என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? சீட்டில் 21 என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மண்டபத்தில் ‘இலவசக் குழந்தையின்மை முகாம்’ என்று கூப்பிடுவார்கள், ஸ்கேன் இலவசம், அதன் பிறகு எதுவும் இலவசமில்லை. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. 29 வயதில், ஒழுங்காக விலக்கு வருகிற பெண்ணை நேரே சோதனைக்குழாய் சிகிச்சைக்கு உட்கார வைக்கப் பார்ப்பார்கள். அங்கே போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு வருடம் தாண்டிவிட்டதால் பரிசோதனை நியாயம்தான், ஆனால் உங்களுக்கு மட்டும் ஏன்? கணவரின் விந்துப் பரிசோதனை செய்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, பிறகு விந்தைக் கொடுக்க வேண்டும், ஊசி கிடையாது, வலி கிடையாது, இருந்தும் குடும்பமே மருமகளுக்கு மூன்று ஸ்கேன் முடிந்த பிறகுதான் அவரை அனுப்புகிறது. அந்த ரிப்போர்ட்டும், சரியான நாளில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் கைக்கு வரும்வரை முட்டை வளர்க்கும் மாத்திரையைத் தொடங்க வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய் 24ஆம் நாள் பார்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். இப்போதைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் தினமும் ஒன்று போடுங்கள்.