வீடற்றோர் காப்பகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது: கேள்வி பதில்

சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். நிதி பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

காப்பகம் நடத்துவது அரசின் கடமையா, கருணையா?
கடமைதான். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி இடித்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அது 24 மணி நேரமும் வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உத்தரவானது. நகரத்து ஏழைகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் காப்பகத்துக்கென்று தனி நிதி வந்தது 2013இல்தான்.

அந்த இயக்கத்தில் ஒன்றிய அரசு எவ்வளவு தந்தது?
முதலில் 75 சதவீதம், பிறகு 60. மீதி மாநிலத்தின் பங்கு.

அப்படியும் காப்பகங்கள் ஏன் தள்ளாடுகின்றன?
கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும், நடத்துவதற்குத்தான் திண்டாட்டம். அந்த இயக்கத்தில் நடத்தும் செலவுக்கு ஒன்றியப் பங்கு ஐந்து வருடம்தான் கிடைத்தது, அப்புறம் மாநிலமும் உள்ளாட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை, அதில் ஒரு கையெழுத்து நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். ஒரு வருடம் எங்களுக்கு ஏழு மாதம் பணமே வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியின் கடன் நோட்டில் எங்கள் பெயரிலேயே மூன்று பக்கம் நிரம்பிவிட்டது, இரவுப் பணி பார்த்த அக்கா சம்பளம் இல்லாமலே தினமும் வந்தார், அதை என்னால் மறக்கவே முடியாது. அந்த வாழ்வாதார இயக்கத்தின் காலமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. திட்டம் முடியலாம், ஆனால் உள்ளே படுத்திருப்பவர்களை எழுப்பி வெளியே அனுப்ப முடியுமா?

இருக்கும் காப்பகங்கள் போதுமா?
போதாது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க நகரங்களில் மட்டும் 9.38 லட்சம் வீடற்றோர். அதுவும் பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணியது, கண்ணில் படாமல் போனவர்கள் எத்தனையோ.

ஆதார் இல்லாதவரைச் சேர்ப்பீர்களா?
சேர்ப்போம். போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், கையில் நாலாக மடித்த ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு ஒன்றுதான் இருந்தது. முதலில் சாப்பாடு, படுக்கை. மற்றதெல்லாம் மெதுவாக.

தெருவில் ஒருவரைப் பார்த்தால் என்ன செய்வது?
சென்னை என்றால் மாநகராட்சியின் உதவி எண் 1913க்குச் சொல்லுங்கள். அதற்கு முன் அவரிடம் பேசுங்கள், வர விருப்பமா என்று கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். வருகிறேன் என்றால் அவருடைய மூட்டையையும் மறக்காமல் வண்டியில் ஏற்றுங்கள், அதை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள்.