கிராமத்துல ஹெல்த் அவேர்னஸ் கேம்ப் போட்டா ஜனங்க வரவே மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

கேள்வி கேட்ட தம்பியோ தங்கச்சியோ (புரொஃபைல்ல ரோஜாப்பூ படம்தான் இருக்கு), என்எஸ்எஸ் கேம்ப்ல ரத்தசோகை பத்தி மீட்டிங் போட்டோம், மைக் கட்டினோம், ஜூஸ் எல்லாம் வச்சோம், அப்பவும் ஆள் வரல, "கிராமத்து மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வே இல்லையா"ன்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கடைசி வரி மட்டும் இல்லைன்னா நான் பாட்டுக்கு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன்.

உங்க மீட்டிங் எப்படி நடந்திருக்கும்னு நானே சொல்றேன், தப்பா இருந்தா கமெண்ட்ல திட்டிக்கோங்க. ஊர் பள்ளிக்கூடத்துல தங்கியிருப்பீங்க. காலையில 11 மணிக்கு மீட்டிங்னு ஆட்டோவுல மைக் வச்சு சொல்லியிருப்பீங்க. பிரசிடென்ட் இந்தா வாரேன் இந்தா வாரேன்னு சொல்லி 12 மணிக்கு வந்திருப்பாரு. முன் வரிசை சேர்ல நாலு பெருசுங்க, பின்னாடி ஜூஸுக்கு நிக்கிற பிள்ளைங்க. ரத்தசோகை யாருக்கு ஜாஸ்தியோ அந்தப் பொம்பளைங்க ஒருத்தர்கூட வந்திருக்க மாட்டாங்க. எப்படி வருவாங்க? 11 மணிக்கு அவங்க கம்மாய்க்குள்ள மம்பட்டியும் சட்டியுமா 100 நாள் வேலையில நிப்பாங்க. அங்க காலையில ஒரு தடவை மத்தியானம் ஒரு தடவை போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தினாத்தான் வருகை. இரண்டாவது போட்டோவுல முகம் இல்லைன்னா அன்னிக்குக் கூலி போச்சு. 2023ல அது 294 ரூபா, அதுவும் அளந்து பாத்துட்டு குறைச்சுத்தான் கைக்கு வரும். உங்க ஜூஸுக்காக அதை விட்டுட்டு வரச் சொல்றீங்களா?

கொஞ்சம் வயசுக்காரப் பொம்பளைங்க எங்கேன்னு கேட்டா, எங்க பக்கம் (விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கத்துல ஒரு கிராமம்) அவங்க எல்லாம் வெள்ளனயே வேன்ல ஏறி பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்னு போயிருவாங்க. பொழுது அடைய வந்து அடுப்புப் பத்த வைப்பாங்க. அவங்க கண்ணுல எந்த கேம்ப்பும் படுறதே இல்ல.

நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். பி.காம் படிச்சிட்டு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவ, மகளிர் குழுவுல இருக்கேன், ஒரு டிரஸ்ட்டுக்காக கொஞ்ச வருஷம் ஊர் ஊரா சுகாதார வேலை பாத்தேன். மருந்து பத்தி நான் எழுதுறது எல்லாம் எங்க கிராம சுகாதார செவிலியர், ஊர்ல நர்சம்மான்னு கூப்பிடுவோம், அவங்க சொல்லி நான் கூட இருந்து பாத்தது. யாரும் இதைப் படிச்சிட்டு மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரைப் பாருங்க.

நாங்க மீட்டிங் போடல. பணித்தளப் பொறுப்பாளர்கிட்ட சொல்லிட்டு, கம்மாய்க்கரை வேப்பமரத்தடியில எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடிக்கிற நேரம் பாத்து நர்சம்மாவோட போய் உக்காந்துட்டோம். விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷின்ல வச்சா ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு நம்பர் வரும், அவ்வளவுதான். ஆனா ஒருத்தரும் விரல் நீட்டல. "இருக்கிற ரத்தத்தையும் நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நாங்க எப்படித்தா மண்ணு சுமக்குறது"ன்னு ஒரு சத்தம், எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்புறம் எங்க வீட்டுப் பக்கத்து பெரியம்மா ஒருத்தங்க, சட்டி தூக்குறதுல அவங்கள அடிச்சிக்க ஆள் கிடையாது, "குத்துத்தா, என்னதான் வருதுன்னு பாப்போம்"னு கைய நீட்டினாங்க. 7.9. நர்சம்மா மெஷினைப் பாத்தாங்க, பெரியம்மாவப் பாத்தாங்க, கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க, உள்ள வெள்ளைத் துணி மாதிரி இருக்கு. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழன்னா கடுமையானது. "எனக்கென்னடி கொறச்சல், ஒரு நாளு தவறாம வேலைக்கு வாரேன்ல"ன்னு பெரியம்மாவுக்குக் கோவம். மேடேறுறப்ப மூச்சு வாங்குமா, படபடன்னு வருமான்னு கேட்டதுக்கு, "அது வயசானா வர்றதுதான". வயசு அப்போ அம்பதுகூட ஆகல.

ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் பாத்து இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் (அல்பெண்டசோல்) குடுத்தாங்க. செருப்பில்லாம மண்ணுல நிக்கிறவங்களுக்கு கொக்கிப்புழு கால் வழியா ஏறும், அது குடல்ல கடிச்சு ரத்தத்தை உறிஞ்சும், அதுக்காக. சரி, முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. அடுத்த மாசம் அவங்க வீட்டுக்குப் போனா மாத்திரை அப்படியே இருக்கு. எங்க தெரியுமா, ஆணியில தொங்குற ஜவுளிக்கடைப் பையில, ரேஷன் கார்டு, ஆதார், வேலை அட்டை கூட, ரப்பர் பேண்டு போட்டு, அவ்வளவு பத்திரமா. சர்க்கார் குடுத்ததுல்ல.

ஏன் சாப்பிடலன்னு கேட்டா முதல்ல "மறந்துட்டேன்". எல்லாரும் சொல்ற முதல் பதில் அதுதான், அதை நம்பிட்டுத் திரும்பி வந்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. திண்ணையில உக்காந்து அவங்க கூட சேர்ந்து வெங்காயம் உரிச்சிட்டே இருந்தப்பதான் மெல்ல வந்துச்சு. காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல, கடுங்காப்பியோட மாத்திரையைப் போட்டிருக்காங்க. குமட்டல், வயித்தைப் பிரட்டல், வேலைத்தளத்துல உக்காந்துட்டாங்க. அதையாவது பொறுத்திருப்பாங்க. மறுநாள் வெளிக்குப் போனா கன்னங்கரேல்னு இருந்திருக்கு. உள்ள குடல் ஏதோ வெந்து போச்சுன்னு பயந்து நிறுத்திட்டாங்க, இதைப் போயி யாருகிட்ட கேக்குறது, மகன்கிட்டயா மருமகன்கிட்டயா? கருப்பாத்தான் போகும், பயப்பட வேண்டாம்னு ஒரே ஒரு வரி, மாத்திரை குடுக்குற இடத்துல சொல்ல யாருக்கும் நேரம் இல்ல. அங்க உள்ளவங்களைக் குறை சொல்லல, விதிப்படி ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5000 ஜனம், மலைப்பக்கம்னா 3000, ஒரு நர்சம்மா அத்தனை வீட்டு வெங்காயத்தையும் உரிக்க முடியாது.

ராத்திரி சாப்பிட்டதும் போடுங்க, அந்த நேரத்துல காப்பி டீ வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது, முடிஞ்சா எலுமிச்சம்பழம் நெல்லிக்கா ஏதாவது சேத்துக்கோங்க, இவ்வளவுதான் நர்சம்மா மாத்திச் சொன்னது. மெதுவா ஏறுச்சு. அந்தப் பெரியம்மாவே அப்புறம் வேலைத்தளத்துல மத்தவங்களுக்கு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சாங்க: "கருப்பா போகுதா? அப்ப மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்த்தா!" உண்மையில உடம்புல சேராத இரும்புதான் அப்படிப் போகுது. நான் திருத்தல. படிச்சவங்க யாராவது இதுக்கு சண்டைக்கு வருவீங்க, வாங்க. அந்த ஒரு வரி கேட்டு பையில கிடந்த மாத்திரையை எடுத்துப் போட்டவங்களை எனக்குத் தெரியும்.

மாசமா இருக்கிற பிள்ளைங்க கதை வேற. அவங்களுக்கு தினம் ஒரு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். அவங்க விருப்பப்பட்டாலும் மாமியாருங்க விடமாட்டாங்க, பிள்ளை கருப்பாப் பிறக்கும், பெருசா வளந்துட்டா ஆபரேஷன்தான்னு ஒரு பயம். அதுக்கு மாமியார்கிட்டதான் பேசணும், மருமகள்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். எங்க சொந்தத்துல ஒரு மதினி, 6.8. மாத்திரை ஒழுங்கா போட்டும் ஏறல. கீரை, பேரீச்சம்பழம், மாதுளைன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, சிவப்பா இருக்கிறதெல்லாம் ரத்தம் ஆயிடும்னு ஒரு கணக்கு நம்ம ஊர்ல. முருங்கைக்கீரை உருவிட்டு இருக்கும்போது, யாரும் இல்லாத நேரத்துல, மாசத்துல பத்து நாளைக்கு மேல ரத்தம் போகுதுன்னு சொன்னாங்க. எத்தனை காலமான்னா, சின்னவன் பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்து. அவன் அப்போ பிளஸ் டூ. பெரியாஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா கர்ப்பப்பையில கட்டி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஆபரேஷன் ஆச்சு, இப்போ நல்லா இருக்காங்க. உங்க மைக் மீட்டிங்ல, பிரசிடென்ட் முன்னாடி, எந்திரிச்சு நின்னு இதைச் சொல்லுவாங்களா?

அதனாலதான் விழிப்புணர்வு இல்லைங்கிற பேச்சைக் கேட்டாலே எரியுது. நான் வேலை பாத்த டிரஸ்ட் வருஷாந்திர அறிக்கை புக் போட்டாங்க, பளபளன்னு, வழுவழு பேப்பர்ல. அதுல நாங்க மரத்தடியில உக்காந்திருக்கிற போட்டோ, கீழ "படிப்பறிவற்ற கிராமப் பெண்களுக்கு விழிப்புணர்வு அளிக்கப்பட்டது"ன்னு எழுதியிருக்கு. அந்தப் போட்டோவுல நடுவுல இருக்கிறது நான். நோட்டுல அத்தனை பேரோட நம்பரும் எழுதினது நான். போன் பண்ணிக் கேட்டா "அது பண்டு குடுக்குறவங்களுக்காக மேடம், பெருசா எடுத்துக்காதீங்க"ங்கிறாங்க. பெருசாத்தான் எடுத்துக்கிட்டேன், அந்த வேலையை விட்டுட்டேன்.

கிராமத்தைச் சொல்றீங்களே, தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21ல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கேம்ப்புக்கு உங்க கூட வந்த பொண்ணுங்களும் அந்த வயசுக்குள்ளதான் இருக்காங்க. அவங்கள்ல எத்தனை பேரு விரல் நீட்டினாங்க?

இது புதுசா நான் கண்டுபிடிச்சதும் இல்ல. மகாராஷ்டிராவுல ஜாம்கெட்ல ஆரோலேன்னு டாக்டர் தம்பதி 1970லயே ஆரம்பிச்சாங்க, எழுதப் படிக்கத் தெரியாத ஊர்ப் பொம்பளைங்களையே சுகாதாரப் பணியாளரா பழக்கினாங்க, 1979ல மகசேசே விருது வாங்கினாங்க. நம்ம தர்மபுரி சிட்லிங்கியில ரெஜி, லலிதா டாக்டருங்களும் அந்த மலைப்பக்கத்துப் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்துத்தான் ஆஸ்பத்திரி நடத்துறாங்க. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா கேக்குறது ஒரு விதம், ஏழு நாள்ல மூட்டை கட்டுறவங்க சொன்னா கேக்குறது ஒரு விதம்.

ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் பத்தியும் சொல்லிடுறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லைன்னு தோணினா தாண்டிப் போங்க. 2021ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, ரொம்ப நல்ல விஷயம், மறுக்கல. ஆனா பஸ் வரணும்ல? எங்க ஊருக்கு காலையில ஒண்ணு, அதை விட்டா சாயங்காலம். அந்தக் காலை பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிறைய நின்னா நிக்காம தள்ளிப் போய் நிக்கும், 7.9ல இருக்கிறவ ஓடிப் போய் ஏறணும். மனு குடுத்து குடுத்து பேனா தீந்ததுதான் மிச்சம். மனு கிராம சபையிலயும் குடுத்தோம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் தீர்மானம் எழுதிக்கிறாங்க, டீ குடுக்குறாங்க.

சரி, உங்களுக்கு. அடுத்த கேம்ப்புக்கு பேனர் அடிக்கிற காசை மிச்சம் பண்ணி ஹீமோகுளோபின் ஸ்ட்ரிப் வாங்கி நர்சம்மாகிட்ட குடுங்க. காலையில வேலைத்தளத்துக்கு அவங்க கூடப் போங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல வேன் இறங்குற தெருவுக்குப் போங்க. பொண்ணுங்க பொம்பளைங்ககிட்ட பேசட்டும், பசங்க தள்ளி நின்னு நோட்டுல எழுதட்டும், யாரும் செல்ஃபி எடுக்காதீங்க. யாருக்கு என்ன நம்பர்னு ஊருக்குள்ள சத்தமா வாசிக்காதீங்க, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க இருக்காங்க. கம்மியா வந்தவங்க லிஸ்ட்டை காலேஜுக்குத் தூக்கிட்டுப் போகாம நர்சம்மாகிட்டயும் அந்த ஊர் மகளிர் குழுவுல ஒருத்தர்கிட்டயும் குடுத்துட்டு வாங்க, அடுத்த மாசம் யாரு பையைத் திறந்து பாக்குறதுன்னு அப்பவே பேசி முடிச்சிடுங்க. அதுக்கெல்லாம் முதல்ல நர்சம்மா நம்பர் வேணும், பஞ்சாயத்து ஆபீஸ்லயே கிடைக்கும். புதன்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க, அன்னிக்குத் தடுப்பூசி, போனை எடுக்க மாட்டாங்க.