வாசகர் கேள்வி - பதில்: ஹாமக்கை இழுத்துக் கட்டாதீர்கள்

கேள்வி: ட்ரெக்கிங் போகும்போது கூடாரம் சுமக்க வேண்டாமே என்று ஹாமக் (மரங்களில் கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை) வாங்கினேன். இரண்டு மரத்துக்கும் நடுவே நன்றாக இழுத்துக் கட்டியும் படுத்தால் முதுகு வளைகிறது, தோள் இரண்டும் நெருக்குகிறது, காலையில் உடம்பெல்லாம் வலி. கட்டுவதில் தப்பா, எனக்குத்தான் ஒத்துவரவில்லையா?

பதில்: உங்களுக்கு ஒத்துவரும். 'நன்றாக இழுத்துக் கட்டியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, வலிக்குக் காரணமே அந்த இழுப்புதான். படுக்கை மட்டமாக இருக்க வேண்டும், அதற்கு விறைப்பாகக் கட்ட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் விறைப்பாகக் கட்டிய துணியில் ஏறிப் படுத்ததும் ஓரங்கள் இரண்டும் எழும்பி நின்று உங்களை நடுவில் வைத்து நெருக்கும், நீங்கள் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடப்பீர்கள்.

மரத்திலிருந்து இறங்கும் நாடா, தரைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சரிவில் இருக்கட்டும். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுட்டுவிரலை ஹாமக் பக்கம் படுக்கையாக நீட்டி, கட்டைவிரலை மேலே நிமிர்த்திப் பிடியுங்கள். நாடா இந்த இரண்டு விரல் நுனிகளையும் தொட்டுக்கொண்டு போனால் சரிவு கிட்டத்தட்ட சரி. இதில் சௌகரியம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் படுத்தால், 30 டிகிரியில் ஒவ்வொரு பக்க நாடாவும் தாங்குவது ஏறக்குறைய அதே 70 கிலோ. 10 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அது 200 கிலோ, 5 டிகிரி என்றால் 400 கிலோ. கொக்கியும் தையலும் மரமும் சேர்ந்து அத்தனையையும் இரவு முழுக்கத் தாங்க வேண்டும்.

அப்புறம், நேராகப் படுக்காதீர்கள். தலையைக் கொஞ்சம் இடப்பக்கமும் காலை வலப்பக்கமுமாகத் தள்ளி (அல்லது இதற்கு நேர்மாறாக) குறுக்காகப் படுத்தால் துணி உங்களுக்குக் கீழே தட்டையாக விரியும், முதுகு நேராகும். கால் பக்கத்தைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் இரவில் மெல்ல மெல்லக் கால்மாட்டுக்குச் சரிந்து போகாமல் இருப்பீர்கள். ஹாமக் குட்டையாக இருந்தால் குறுக்காகப் படுக்க இடம் இருக்காது, அதனால் பெரியவர்களுக்கு 10 அடி, முடிந்தால் 11 அடி நீளம்.

ஒவ்வொரு இடத்திலும் கோணம் பார்ப்பது எரிச்சலாக இருந்தால், ஹாமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ஒரு மெல்லிய, நீளாத கயிறு கட்டிவிடுங்கள். ஹாமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பலருக்கும் பொருந்தும் கணக்கு. 11 அடி ஹாமக்குக்கு 9 அடிக்குச் சற்று மேல் வரும். அதற்குப் பிறகு மரங்கள் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. படுத்துக்கொண்டு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரி, கம்பி மாதிரி விறைத்து நின்றால் நாடாவைத் தளர்த்துங்கள்.

கேள்வி: ஹாமக், தார்ப்பாய், கொசுவலை, நாடா, ஸ்லீப்பிங் பேக் என்று எல்லாவற்றையும் முதுகுப்பையில் எந்த வரிசையில் வைப்பது? போன முறை மழையில் ஹாமக்கைத் தேடி எடுப்பதற்குள் பையில் இருந்த எல்லாமே நனைந்துவிட்டது.

பதில்: மாலையில் போய் நின்றதும் எது முதலில் கைக்கு வர வேண்டுமோ அதைக் கடைசியாக வையுங்கள். முதலில் வர வேண்டியது தார்ப்பாய். அதற்குப் பையின் உள்ளே இடமே கொடுக்காதீர்கள், வெளிப்பாக்கெட்டில் அதன் கயிறுகள், முளைகளோடு இருக்கட்டும். மரத்தில் சுற்றும் நாடாக்களும் வெளியேதான், ஆனால் தனிப் பையில், ஏனென்றால் மரத்தின் ஈரமும் பிசினும் எறும்பும் அவற்றோடுதான் வரும், ஹாமக்கோடு சேர்த்துச் சுருட்டினால் அத்தனையும் படுக்கைக்குள் வந்துவிடும்.

ஹாமக்குக்கு இரண்டு பக்கமும் வாயுள்ள உறை வாங்குங்கள் அல்லது தைத்துக்கொள்ளுங்கள். மடிக்க வேண்டாம், திணித்தால் போதும், ஆனால் இரண்டு முனைகளும் இரண்டு வாய் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முனையை முதல் மரத்து நாடாவில் மாட்டிவிட்டு உறையைக் கையில் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு நடந்தால் துணி தானாக உருவிக்கொண்டு வரும், ஒரு அங்குலம்கூடச் சேற்றைத் தொடாது. காலி உறை அங்கேயே முனையில் தொங்கும், தொலையவும் தொலையாது. காலையில் ஒரு முனையை மட்டும் கழற்றி, மறு மரத்தை நோக்கி நடந்துகொண்டே கைப்பிடி கைப்பிடியாக உறைக்குள் திணியுங்கள். கொசுவலை ஹாமக்கோடு தைத்ததாக இருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

ஸ்லீப்பிங் பேக், மாற்றுத் துணி இரண்டும் தண்ணீர் புகாத உறையில், பையின் அடியில். தார்ப்பாய் கட்டி முடித்து ஹாமக்கும் தொங்கிய பிறகுதான் அதைத் திறக்க வேண்டும்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இதே வரிசையில் கட்டிப் பழகுங்கள், இருட்டில் கை தானாக வேலை செய்யும். தார்ப்பாய் முதலில் ஏறி, கடைசியில் இறங்கும். காலையில் மழை இருந்தால் அதன் அடியிலேயே எல்லாவற்றையும் கட்டிப் பையை மூடிவிட்டு, கடைசியாகத் தார்ப்பாயை அவிழ்த்து உதறி ஈரத்தோடு வெளிப்பாக்கெட்டில் திணியுங்கள். நைலான் தார்ப்பாய் நனைந்தால் தளரும், அதனால் தூங்கப் போகும் முன் ஒரு தடவை கயிறுகளை இறுக்குங்கள். இறுக்க வேண்டியது தார்ப்பாயைத்தான், ஹாமக்கை அல்ல.

கேள்வி: தார்ப்பாய் சரியாகத்தான் கட்டினேன், இருந்தும் தலைப்பக்கம் நனைந்துவிட்டது. எப்படி?

பதில்: மரத்தில் வழியும் தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி நேராகத் துணிக்குள் வந்திருக்கும். தார்ப்பாயின் விளிம்புக்கு உள்ளே, ஹாமக்குக்கு ஒரு சாண் முன்னால், நாடாவில் ஒரு துண்டு நூல்கயிற்றை முடிந்து தொங்கவிடுங்கள். வருகிற தண்ணீர் அந்த நுனியில் திரண்டு கீழே சொட்டிவிடும். இரண்டு பக்கமும் கட்டுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தும் முதுகு மட்டும் சில்லிட்டுப் போகிறது. ஏன்?

பதில்: ஸ்லீப்பிங் பேக் சூடாக இருப்பது அதன் பஞ்சுக்குள் நிற்கும் காற்றால். முதுகுக்கு அடியில் உங்கள் எடை அந்தப் பஞ்சை நசுக்கிவிடுகிறது, கீழே காற்றும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்காகவே அண்டர்குவில்ட் என்று ஒன்று வருகிறது, ஹாமக்குக்கு வெளியே அடியில் மாட்டும் போர்வை. துணியை ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி விட்டால் குளிர் புகும், நெருக்கி இழுத்தால் மறுபடி நசுங்கும். ஏறிப் படுத்து, கையை வெளியே விட்டுத் தடவிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஃபோம் பாயை உள்ளே போட்டுக்கொள்ளலாம். நழுவும், ஆனால் குளிர் தாங்கும்.

கேள்வி: எந்த மரத்தில் கட்டலாம், எவ்வளவு உயரத்தில்?

பதில்: உயிருள்ள, அரையடியாவது குறுக்களவு உள்ள மரம். இரண்டுக்கும் நடுவே 12 முதல் 15 அடி. கட்டுவதற்கு முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேலே காய்ந்த கிளை ஒன்று தொங்கினாலும் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் சரி. மெல்லிய கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றாதீர்கள், பட்டையை அறுத்துவிடும். ஒரு அங்குல அகலப் பாலியெஸ்டர் நாடா போதும், நைலான் நாடா எடை ஏறினால் நீளும், விடியும்போது தரையில் கிடப்பீர்கள். உயரம்? நீங்கள் உட்கார்ந்த நிலையில் நாற்காலி உயரம், அதாவது ஒன்றரை அடி. ஏறியதும் முதலில் உட்கார்ந்து மெல்ல எடையைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் படுங்கள்.

கேள்வி: மரமே இல்லாத இடத்தில் இருட்டிவிட்டால்?

பதில்: தார்ப்பாயை இரண்டு ட்ரெக்கிங் கோல்களில் தாழக் கட்டித் தரையில் படுக்கலாம். ஹாமக்கை விரிப்பாகப் போடாதீர்கள், முள்ளும் கல்லும் மெல்லிய துணியைக் குத்திவிடும், நாளை அதில்தான் தொங்க வேண்டும். இதற்காகவே, அண்டர்குவில்ட் வைத்திருப்பவர்களும் ஒரு மெல்லிய ஃபோம் பாயைப் பைக்கு வெளியே சுருட்டிக் கட்டிக்கொள்வது நல்லது. வரைபடத்தில் அன்றைய தங்குமிடம் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே என்று தெரிந்தால் அந்தப் பயணத்துக்குக் கூடாரத்தையே எடுத்துப் போங்கள்.