கொழும்பிலிருந்து ஒரே நாளில் திமிங்கிலம் பார்த்துவிட்டு வரலாமா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது சரியா?

போகலாம். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை என்றால் தெற்குக் கரையில் இருக்கிற மிரிஸ்ஸ. வெள்ளவத்தையில் விடிய 3 மணிக்கு வெளிக்கிட்டால், அதிவேக நெடுஞ்சாலையால் 6 மணிக்கு முன்னமே அங்கே நிற்பீர்கள். நீங்களும் எங்களைப் போல ஃபிளாட்டில் பிள்ளை வளர்க்கிறவர் என்று நினைக்கிறேன். கடல் கண்ணுக்கு முன்னால் இருந்தும், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நின்றே அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். கட்டாயம் காட்டுங்கள். ஆனால் நான் செய்த பிழையைக் கேட்டுவிட்டுப் படகில் ஏறுங்கள்.

2023 பெப்ரவரி. அம்மா, மனைவி, 9 வயது மகன், நான். அம்மாவுக்கு ஊர் திருகோணமலை. கோணேசர் கோவில் மலையில் நின்று திமிங்கிலம் தண்ணீர் பீச்சுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறா. "கிட்டத்தில ஒருக்கா பார்க்கோணும்" என்று அவ கேட்டதால்தான் அந்தப் பயணமே. வாந்திக் குளிசை போட்டு, இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலம் போன பிறகு தூரத்தில் வெள்ளையாக ஒரு தூண் எழும்பியது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீற்றர் உயரத்துக்கும் எழும்பும். மகன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

அங்கே நாங்கள் மட்டும் இல்லை, எங்களோடு சேர்த்து 9 படகு. பக்கத்துப் படகு முந்திக்கொண்டு போக, எங்கள் படகில் சிலர் கத்தத் தொடங்கினார்கள். நான் எழும்பிப் போய் ஓட்டியின் கையில் 5,000 ரூபா தாளை வைத்து "தவ டிகக் லங்கட, மல்லி" என்று சிங்களத்தில் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கிட்ட, தம்பி. அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு திருப்பினார்.

தண்ணீருக்குக் கீழே வெளிர்நீலமாக, படகைவிட நீளமாக ஒன்று தெரிந்தது. சட்டென்று பக்கவாட்டில் சரிந்தது. வாலைத் தூக்கவில்லை, இரண்டாவது மூச்சும் எடுக்கவில்லை. அப்படியே முங்கிவிட்டது. முக்கால் மணித்தியாலம் டீசல் மணத்துக்குள் காத்திருந்தோம். வரவே இல்லை. "அப்பா, அது எங்களுக்குப் பயந்தா போச்சு?" என்று மகன் கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தா.

ஆழத்துக்குப் போய் இரை தேடிவிட்டு வருகிற பிராணி அது. மேலே வந்தால் பல தடவை மூச்சு எடுத்தால்தான் அடுத்த முங்கலுக்குத் தாங்கும். அதை இடையில் கலைப்பது, சாப்பாட்டுக் கோப்பையைப் பறிக்கிற மாதிரி. அதனால்தான் 100 மீற்றருக்குள் படகு நெருங்கக் கூடாது என்று 2012இலேயே வர்த்தமானியில் விதி போட்டார்கள். அந்த விதியை மீறக் காசு கொடுத்தவன் நான். ஓட்டியில் பழி போட எனக்கு வாய் இல்லை.

"படகுக்காரரின் வயிற்றில் அடிக்கிறாய்" என்று யாராவது எழுதுவீர்கள். அடிக்கவில்லை. அந்தச் சனம் சுனாமி, கொரோனா, எரிபொருள் வரிசை எல்லாம் பார்த்த சனம். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. ஊரடங்கு நேரம். கடற்படையோடு சேர்ந்து ஊர் இளைஞர்களும் இரவிரவாகத் தண்ணீருக்குள் நின்று அவற்றைத் தள்ளிவிட்டார்கள். கடலோரச் சனத்துக்குத் திமிங்கிலத்தில் அன்பு இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

"கப்பல்களை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறாயா?" என்றும் கேட்பீர்கள். அது நியாயம். இலங்கையின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால் போகிற கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசலானவற்றில் ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுவதும் அங்கேதான். இங்குள்ளவை துருவத்துக்குப் போய்வருகிற கூட்டமும் இல்லை, வருடம் முழுக்க இந்த வெப்பக் கடலிலேயே வாழ்பவை. எங்கள் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் இதைப் பல வருடமாக ஆராய்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். 2012 மார்ச்சில் ஒரு கொள்கலன் கப்பல், முன்பக்கத்தில் செத்த நீலத் திமிங்கிலத்தோடு எங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கே வந்தது. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கால் விலத்திப் போக வைத்தது. ஒரு நிறுவனத்தால் முடியுமென்றால் மற்றவர்களாலும் முடியும்தானே?

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது, எங்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் படகில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். 68 வயது அம்மா அங்கியை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு இருந்தா. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. சும்மா ஒரு மட்டையில் நாலு வரி எழுதித் தொங்கவிட எவ்வளவு செலவாகும்? உயிர் போகிற விஷயத்திலாவது எங்கள் பாஷையில் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முற்பணம் கட்டமுதல் "எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், எஞ்சினை எப்ப நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். "கையால் தொடுகிற தூரம்" என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை என்றால் திருகோணமலைக்குப் போங்கள். அங்கே கரைக்குக் கிட்டவே கடல் ஆழம், அதிக தூரம் ஓடத் தேவையில்லை. ஒரே நாளில் திரும்பி வர யோசிக்க வேண்டாம், ஒரு இரவு தங்குங்கள்.

நாங்களும் இந்த முறை அங்கேதான், அம்மாவோடு. ஓட்டியிடம் போனில் அதே கேள்வியைக் கேட்டேன். "நான் கிட்டப் போகமாட்டன் அண்ணை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இருப்பன், அது விரும்பினால் வரும். வராட்டில் காசைத் திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார். அவருக்கே முற்பணம் அனுப்பிவிட்டேன்.