கையில் கட்டியபடியே சாவி கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்க அப்பாரு கட்டியிருந்த எச்எம்டி ஜனதா வாட்ச் பீரோவில் கிடைத்ததுங்க. சாவி கொடுத்தால் ஓடுகிறது. எத்தனை சுற்று கொடுக்கலாம்? கூடுதலாகக் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்கிறார் அம்மா. நேரம் வைக்கச் சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்காமல் ஓடுகிறது. பழுதா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பழுதில்லைங்க. சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும் ஏற்பாடு ஜனதாவில் கிடையாது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் எளிய உழைப்பாளி அது.

ஆனால் ஓடுகிறது என்பதற்காக உடனே கட்டிக்கொள்ள வேண்டாம். பல வருடம் பீரோவில் கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அப்படியே ஓட்டினால் சக்கரங்களின் முனைகள் தேயும். முதல் செலவு, கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுகிற சர்வீஸாக இருக்கட்டும்.

அப்புறம் சாவி. பக்கத்தில் இருக்கும் அந்தக் குமிழைக் கடைக்காரர்கள் கிரவுன் என்பார்கள். அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய தண்டுதான் ஸ்டெம். ஊசி கனம்தான் இருக்கும். கையில் கட்டியபடி திருகினால் விரல் ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்டெம் வளையும். காந்திபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இதையே செய்து ஒரு ஸ்டெம்முக்குக் காசு கொடுத்தவன் நான். அதனால் கழற்றுங்கள். டயல் உங்களைப் பார்க்க, குமிழ் வலப்பக்கம் இருக்கட்டும். கட்டைவிரல் 12 பக்கம் நகரும்படி உருட்டுங்கள். கிர் கிர் என்று கேட்கும். திரும்பி வரும்போது சத்தம் மாறினால் பயப்பட வேண்டாம், அந்தப் பக்கம் வெறுமனே சுற்றும்.

எண்ணிக்கையை நம்பாமல் விரலை நம்புங்கள். பெரும்பாலும் முப்பது சுற்றுப் பக்கம் வரும்போது இறுக்கம் தெரியும், பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அங்கே விட்டுவிடுங்கள். அம்மா சொல்வது பாதி சரி. முழுதாகச் சாவி கொடுப்பதால் ஸ்பிரிங் அறுவதில்லை, நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று முறுக்குவதால்தான் சேதம். தினமும் காலையில் காபி ஆறுகிற நேரத்தில் ஒரு தடவை கொடுத்தால் போதும்.

நேரம் வைக்க, நகத்தைக் குமிழுக்கு அடியில் கொடுத்து நேராக வெளியே இழுங்கள். முள்ளை முன்னோக்கியே நகர்த்துங்கள். தாண்டிவிட்டால் ஐந்து நிமிடம் பின்னால் போய் மறுபடி முன்னே வாருங்கள். கடைசி அசைவு முன்னோக்கி இருந்தால்தான் பற்களின் இடைவெளி அடைபட்டு நிமிட முள் ஆடாமல் நிற்கும். விநாடி முள் 12-ஐத் தொடும்போது நிமிட முள் சரியாகக் கோட்டில் நிற்கட்டும். அதற்கப்புறம் செல்போனோடு பத்து இருபது விநாடி வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய வாட்ச் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போவது சகஜம். முடிந்ததும் குமிழை உள்ளே அழுத்த மறக்காதீர்கள்.

கேள்வி: மாப்பிள்ளைக்குச் சீராக வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்சில் தேதி மத்தியானம் 12 மணிக்கு மாறுகிறது. ரசீது இருக்கிறது. கடையில் மாற்றிக் கேட்கலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். முள் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் முன்னே சுற்றுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இரவு 9-லிருந்து அதிகாலை 3 வரை தேதிச் சக்கரத்தை நகர்த்தும் பல் அதோடு கோத்திருக்கும். அந்த நேரத்தில் குமிழை ஒரு படி இழுத்துத் தேதியை நேரடியாக மாற்றினால் பல் உடையலாம். கையாண்ட பிழை என்று சொல்லி வாரண்டியைத் தட்டிவிட அது போதும். முள்ளை முன்னே சுற்றி, தேதி மாறுகிறதா பாருங்கள். மாறினால் அது நள்ளிரவு. மேலும் சுற்றிக் காலை 6-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே நேற்றைய தேதியை வையுங்கள். பிறகு நள்ளிரவைத் தாண்டி, தேதி தானாக விழ விட்டு, இப்போதைய நேரத்துக்கு வாருங்கள்.

குமிழ் மரையால் முறுக்கி மூடுகிற வகையாக இருந்தால், பவானி கூடுதுறையில் முழுக்குப் போடும் முன் இறுக மூடியிருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடும்போது முதலில் பின்பக்கம் லேசாகத் திருப்பி மரை விழுவதை உணர்ந்து, அப்புறம் முறுக்க வேண்டும்.

கேள்வி: மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நன்றாக ஓடிய சாவி வாட்ச் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் வேகமாகப் போகிறது.
(வாசகர், கணபதி, கோவை)

பதில்: காந்தம் ஏறியிருக்கும். வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மயிரிழை போன்ற சுருள்தான் ஹேர் ஸ்பிரிங். அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் வேகம் கூடும். திசைகாட்டியை வாட்சுக்கு அருகே வைத்துப் பாருங்கள், முள் அசைந்தால் சந்தேகம் உறுதி. காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலைதான். மெஷினைத் திறக்கவே வேண்டாம். அதற்கு யாராவது சர்வீஸ் கட்டணம் கேட்டால் எழுந்து வாருங்கள்.

கேள்வி: நேரம் வைக்கும்போது குமிழ் கையோடு வந்துவிட்டது. கடையில் மெஷினையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் கையில் வந்ததைப் பாருங்கள். ஊசிபோல் தண்டோடு வந்திருந்தால், உள்ளே பிடித்திருந்த திருகு தளர்ந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்து தண்டைப் பொருத்தி இறுக்கினால் சரியாகும். குமிழ் மட்டும் வந்திருந்தால் மரை கழன்றிருக்கிறது, அல்லது தண்டு ஒடிந்திருக்கிறது. ஒடிந்தாலும் தண்டு தனியாகக் கிடைக்கும். இதற்கெல்லாம் மெஷின் மாற்றுவது, பூட்டுச் சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடிப்பதற்குச் சமம். தயவுசெய்து நீங்களே பசை வைத்து ஒட்டாதீர்கள், அப்போதுதான் உண்மையாகவே மெஷின் போகும். வந்த துண்டைச் சின்னக் கவரில் போட்டு இன்னொரு கடையில் காட்டுங்கள். ஒப்படைக்கும்போது வாட்சின் பெயர், பழுது, கூலி எழுதிய ரசீது வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஏற்கனவே மாற்றிக் காசும் வாங்கிவிட்டார்கள் என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாட்ச் ரிப்பேர் போன்ற சின்னத் தொகைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள்.