பட்டத்தின் பெயரில் ‘நானோ’ இருக்க வேண்டுமா?

திருவொற்றியூர் அம்மாவுக்கு,

மகள் அயனிப் பதிப்பு, பேட்டரி, கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம்) ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், கடன் வாங்கி நானோ டெக்னாலஜி பி.டெக். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வேண்டாம். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ தியாகராயா கல்லூரியிலோ பி.எஸ்ஸி. இயற்பியல் போதும். கணிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அவள் சொல்லும் அயனிப் பதிப்பு இதுதான்: அயனிகளை மின்னழுத்தத்தால் முடுக்கி, வேண்டியதை மட்டும் காந்தத்தால் பிரித்தெடுத்து, வெற்றிடத்துக்குள் வைத்த பொருளின் மேல்தோலில் புதைப்பது. திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த திண்மநிலை பேட்டரியில், லித்தியமும் அயனிகளைக் கடத்தும் எலக்ட்ரோலைட்டும் தொடும் இடத்தில்தான் மின்தடை ஏறித் தொல்லை கொடுக்கும். உள்ளே இருப்பதைத் தொடாமல் அந்த இடத்தை மட்டும் மாற்ற இது உதவும்.

ஆற்றலில்தான் பலர் கோட்டை விடுவார்கள். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் போரான் சிலிக்கானுக்குள் சுமார் 0.3 மைக்ரான் இறங்கும். கிராஃபீன் ஒற்றை அடுக்கின் தடிமனோ 0.34 நானோமீட்டர். அதே வேகத்தில் அடித்தால் அயனி அதைத் துளைத்து அடியில் உள்ள தட்டில் போய்ப் புதையும். கார்பன் இருந்த இடத்தில் நைட்ரஜனை உட்காரவைக்கச் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் போதும். அடுக்கு சிதைந்தால் லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையில் 1350 செ.மீ⁻¹ அருகே, குறைபாட்டைக் குறிக்கும் டி முகடு எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மகளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மைக்ரோ ஆம்பியர் விழுகிறது, ஒற்றை மின்னூட்ட அயனி, அதில் 10¹⁵ அயனிகள் பதிய வேண்டும், எத்தனை நொடி? 160 வர வேண்டும். வந்த பிறகு இதையும் கேளுங்கள்: அயனி மோதும்போது மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்துப் போனால் மீட்டர் என்ன காட்டும்? மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே உண்மையில் பதிந்தது குறைவு. அயனி மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கிண்ணத்தின் வாயில் எதிர்மின்னழுத்த வளையம் வைப்பது அந்த எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பத்தான். இந்த மாதிரிக் கேள்வியில் அவளுக்குச் சுவை இருந்தால் துணிந்து அனுப்பலாம். ‘கிராஃபீன்’ என்ற பெயர் மட்டும் பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

எம்.எஸ்ஸி.க்கு ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு எழுதட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் நல்லதே. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். அயனி முடுக்கிகள் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கின்றன. மின்வேதியியலுக்குக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். 2023 முதல் இதுதான் அளவு.

படிப்பை எம்.எஸ்ஸி.யோடு நிறுத்த நேர்ந்தால் பேட்டரி சோதனைக்கூட வேலையே கைக்கு எட்டும். அதற்கு ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) காயின் செல் எனும் நாணய வடிவ பேட்டரி கட்டவும், இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) வரைபடம் படிக்கவும், வெற்றிடக் கசிவைத் தேடவும் தெரிய வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, வேக்யூம் பம்ப்பை மாணவர்களே இயக்குகிறார்களா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.